பிளாஸ்டர் ஒட்டிய சொல்

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் பின்கதவை, அங்கே பொறுப்பாக இருந்த அக்கா கம்பியால் முறுக்கிக் கட்டி வைத்திருந்தார். கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. தாழ்ப்பாளை நம்ப முடியாது, தாய்மார் சத்தமில்லாமல் திறந்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. கம்பியை அவிழ்க்க இரண்டு கையும் கொஞ்ச நேரமும் வேண்டும். அதற்குள் பிள்ளை திரும்பிப் பார்த்துவிடும்.

தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய் பிள்ளையைக் காம்பராவில் விட்டுப் போகும் முறை எனக்குத் தெரிந்த தோட்டங்களில் எல்லாம் ஒன்றுதான். பிள்ளையை விளையாட்டுச் சாமானுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லி, அது பந்தைப் பார்க்கும் நேரத்தில் பின்பக்கத்தால் நழுவிவிடுவார்கள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் என் அம்மாவும் என்னை அப்படித்தான் விட்டுப் போனார். அதில் குற்றம் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. அழுகையைக் குறைக்கும் வழி என்றே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்போது என் மகளுக்கு இரண்டரை வயது. கணவர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மற்ற நாட்களில் தொலைபேசியில் 'கமிங் சூன்' என்று அனுப்புவார். நான் திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியை. வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. முதல் மூன்று வாரம் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, தினமும் பின்னால் நழுவித்தான் போனேன். அதன் பலனாக அவள் என் சேலை முந்தானையைத் தூக்கத்திலும் விடாதவளானாள். கழிவறைக்குப் போனால்கூடக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். நான் பாடசாலைக்குத் தினமும் பிந்தினேன். இனியும் பிந்தினால் மேலிடத்துக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அதிபர் சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர். அதனால்தான் பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் மகளைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் குடியிருந்த தோட்டத்துக் காம்பராவுக்குப் போனேன். அங்கே பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் காம்பராக்கா என்றே கூப்பிட்டார்கள். ஐம்பது வயதைத் தொட்டிருப்பார். ஒல்லியான உடம்பு. ஆண்கள் போடும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டிருப்பார். அதன் இரண்டு பையிலும் எப்போதும் யாராவது ஒரு பிள்ளையின் கை இருக்கும். மகளை இறக்கிவிட்டு நான் பின்பக்கம் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"அங்க பாக்காதீங்க டீச்சர், அது கட்டியிருக்கு. முன்வாசலாலதான் போகணும். புள்ளகிட்டச் சொல்லிட்டுத்தான் போகணும்."

"சொன்னா அழுவாளே அக்கா."

"அழட்டும். அழுறத ஒங்க கண்ணால பாத்துட்டுப் போங்க."

எனக்குக் கோபம் வந்தது. கீழே பாதையில் பஸ் வருகிற நேரம். குனிந்து மகளிடம், "அம்மா இப்ப வந்துருவேன்" என்றேன்.

"இப்பவா?" என்றார் அவர். "எங்க, கடைக்கா போறீங்க?"

வாசலில் நின்ற கொழுந்துப் பெண்கள் சிரித்தார்கள். இரண்டு மணிக்கு வருவேன் என்று அவரிடம் சொன்னேன். இரண்டு மணி என்றால் இவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, அவர் மகளின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே சொன்னார்.

"பால் குடிப்போம். வெளையாடுவோம். சோறு சாப்பிடுவோம். சோறு முடிஞ்சதும் அம்மா."

மகள் அலறினாள். நான் முன்வாசலால் போனேன். பஸ் வளைவு திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டதாக இன்றும் நினைக்கிறேன். அவ்வளவு தூரம் கேட்டிருக்க முடியாது.

இரண்டு வாரம் அழுதாள். அதற்குப் பிறகு ஒரு காலை, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே நான்காவது விரலை மடக்கி, "சோறு முடிஞ்சதும் அம்மா" என்று சொல்லிவிட்டுப் பந்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நேரத்தோடு பாடசாலைக்குப் போனேன். பஸ்ஸில் நின்றபடி அழுதேன். அவள் அழாமல் விட்டது எனக்கு ஏன் அப்படி வலித்தது என்று புரியவில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். பால் குடிக்கும் குழந்தைக்குக் கொழுந்து நிறுக்கும் நேரத்தை வைத்து, 'நிறுவை முடிஞ்சதும் அம்மா.' பெரிய பிள்ளைகளுக்கு, 'தூங்கி எழும்புனதும் அம்மா.' சொன்னது சொன்னபடி நடக்க வேண்டும் என்பதில் அவரிடம் இரக்கமே கிடையாது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று கதைபேசிப் பிந்தி வரும் தாயிடம் எதுவும் பேசமாட்டார். பிள்ளையைக் கையில் கொடுத்து, "என்ன சொல்லணுமோ நீங்களே சொல்லிக்குங்க" என்று மட்டும் சொல்வார். அதைவிடத் திட்டு வாங்கியிருக்கலாம் என்று பெண்கள் என்னிடம் முறையிடுவார்கள். எனக்கும் அவரைக் கண்டால் சற்றுப் பயம்தான்.

ஒருநாள் கொழுந்து அதிகம் என்று, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா நிறுவைக்குப் பிறகும் பெண்களை மலையிலேயே நிறுத்திவிட்டார். அக்கா அழுகிற கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறினாராம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் போய்க் கண்டாக்கையா முன்னால் குழந்தையை நீட்டி, "ஐயா, நிறுவை முடிஞ்சதும் அம்மான்னு இவகிட்டச் சொல்லிட்டேன். நிறுவை முடிஞ்சிருச்சு. வேற என்னமாச்சும் இருந்தா நீங்களே சொல்லிருங்க" என்றாராம். கண்டாக்கையா குழந்தையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், கடைசியில் தாயை அனுப்பிவிட்டார். இதை அந்தத் தாயே வந்து நடித்துக் காட்டினாள். கண்டாக்கையாவின் முகத்தை அவள் செய்து காட்டியபோது அக்காவும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வருடம் காம்பராவுக்குப் புதிய பாய்களும் சுவரில் ஒட்டும் படங்களும் வந்தன. ஒரு படத்தில் கைப்பையோடு ஒரு பெண் கையசைத்துப் போகிறாள். சன்னலில் ஒரு குழந்தை சிரிக்கிறது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. மகளைக் கூட்டிப் போக வந்த என்னிடம் அக்கா அதற்கு அர்த்தம் கேட்டார். அம்மா 'சூன்' திரும்பி வருவாள் என்று போட்டிருக்கிறது என்றேன்.

"சூன்னா?"

"சீக்கிரம். கொஞ்ச நேரத்துல."

"எவ்வளவு நேரத்துல?"

அதற்கு அளவில்லை என்றேன். அளவில்லாததை ஏன் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒட்டுகிறார்கள் என்று கேட்டார். ஆங்கிலம் படிப்பிக்கிறவள் என்ற பெயருக்காவது சரியான பதில் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். என்னிடம் இருந்த தடித்த அகராதியில் சொற்களின் பழைய வரலாறும் இருந்தது. ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் அந்தச் சொல் 'சோனா' என்று இருந்திருக்கிறது. அப்போது அதற்கு அர்த்தம் 'உடனே', 'அந்த நொடியே' என்பதுதான். போகப் போக நெகிழ்ந்து, 'கொஞ்ச நேரத்தில்' என்றாகி, இப்போது எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிட்டது. 'ப்ரெசன்ட்லி' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். அதுவும் ஒரு காலத்தில் 'இப்பவே'தான். பிறகு அதுவும் தள்ளிப் போய்விட்டது.

அடுத்த நாள் இதை அவரிடம் சொன்னேன். பிள்ளைகளின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டார். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"அந்த ஊர்லயும் பின்கதவு இருந்திருக்கும் டீச்சர்" என்றார். "ஒடனே வாறேன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. வந்திருக்க மாட்டாங்க. எத்தன புள்ள பாத்துக்கிட்டே இருந்துச்சோ. அந்தச் சொல்லு என்ன செய்யும், தொவண்டு போயிருச்சு."

அகராதி எழுதியவர்கள் ஏன் என்று விளக்கமாகச் சொல்லாததை அவர் கோப்பை கழுவும் நேரத்தில் சொல்லிவிட்டார். ஒரேயொரு இடத்தில் அந்தச் சொல்லுக்குப் பழைய அர்த்தம் இன்னும் மிச்சமிருக்கிறது என்றேன். 'அஸ் சூன் அஸ்' என்று ஒன்றோடு சேர்த்துச் சொன்னால், அது நடந்த உடனே என்று அர்த்தம். மழை விட்டதும். மணி அடித்ததும்.

"சோறு முடிஞ்சதும்" என்றார் அவர்.

"ஆமா அக்கா."

"அப்ப அத எதோடயாவது கட்டித்தான் வைக்கணும். தனியா விட்டா ஓடிரும்."

மறுநாள் காலை படத்தில் அந்தச் சொல்லின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. சில வாரம் கழித்துக் காம்பராவைப் பார்வையிட நகரத்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். புதுப் படத்தில் பிளாஸ்டர் ஏன் என்று கேட்டார். அக்கா முகம் மாறாமல், "அந்த எடத்துல காயம்ங்க மிஸ்" என்றார். அம்மையாருக்குச் சிரிப்பதா எழுதிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். உடப்புசல்லாவையில் ஒரு தங்கை. பிள்ளைகளைப் படி ஏற்றும்போது 'வாஹித், இத்னேன், தலாத்தா' என்று அரபியில் எண்ணுவார். அதனால் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்தவர் என்று தெரியும். ஒருமுறை, நான் கேட்காமலே, அந்த வீட்டு எஜமானியம்மாவைப் பற்றிச் சொன்னார். எப்போது ஊருக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டால் அந்த அம்மா 'புக்ரா' என்பாராம். நாளைக்கு என்று அர்த்தம். "நாலு வருசம் நாளைக்குத்தான் டீச்சர்" என்றார். ஊரில் அவருக்காக யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மகளுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். பஸ் நேரம் வேறு. கேட்கவில்லை.

மண்சரிவு நடந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று நாளாக விடாத மழை. பாடசாலை முடிந்து நான் ஏறிய பஸ் பாதி வழியில் நின்றது. முன்னால் பாதையை மண் மூடிவிட்டது. தொலைபேசியில் சிக்னல் இல்லை. பஸ்ஸில் ஒருவருக்கும் இல்லை. இரண்டு மணி ஆனது. மூன்றானது. சோறு முடிந்திருக்கும், சோறு முடிந்திருக்கும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனையோ நாள் பிந்தாமல் சேர்த்து வைத்த நம்பிக்கை ஒரே பகலில் போய்விடும், மறுபடி முந்தானை, மறுபடி அலறல், பிறகு வேலையும் போகும் என்று கணக்குப் போட்டேன். நான்கு மணிக்குப் பிறகு பஸ்ஸை விட்டு இறங்கி, சேற்றுக்கு மேல் தேயிலைக்குள் ஏறி, ஆட்களோடு சுற்றி நடந்தேன். காம்பராவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி ஆகிக்கொண்டிருந்தது.

மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அக்கா பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மகள் அவர் மடியில். பக்கத்தில் அவளுடைய நீலத் தட்டு. தட்டில் ஒரு வாய்ச் சோறு இருந்தது.

"வந்துட்டீங்களா" என்றார், நான் வழக்கமான நேரத்துக்கு வந்ததுபோல. அந்தக் கடைசி வாயை உருட்டி மகளுக்கு ஊட்டினார். வெறும் தட்டைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க பாப்பா. சோறு முடிஞ்சிருச்சு. யாரு வந்திருக்கா?"

மகள் என்னைப் பார்த்து, எல்லா நாளும்போல, "அம்மா" என்றாள்.

ஒன்றரை மணிக்குத் தொடங்கிய சோறு அது. நான் வரவில்லை என்றதும் ஒவ்வொரு பருக்கையாகக் கொடுத்திருக்கிறார். நடுவில் இரண்டு முறை சுட வைத்திருக்கிறார். பருக்கைக்கு ஒரு கதை. மகள் வாயில் சோற்றோடு தூங்கிவிட்டாளாம். எழும்பியதும் தட்டைக் காட்டி, இன்னும் முடியவில்லையே என்று சொல்லித் தொடர்ந்தாராம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சோற்றை அவர் முடியவிடவில்லை. நான் சொன்ன சொல் பொய்யாகாமல் இருப்பதற்காக.

நான் அவருக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. அவ்வளவு நேரமாகிய சோறு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டது நினைவிருக்கிறது. மறுநாள் வரை மகளின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மகளுக்கு நான்கு வயதாகப் போகும் சமயத்தில் அக்கா மெலிந்துகொண்டே வந்தார். கம்பளிச் சட்டை அவர்மேல் மாட்டித் தொங்கியது. ஒருநாள் பகல் கிளினிக்கில் கொடுத்த கடிதத்தை என்னிடம் வாசிக்கத் தந்தார். கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதியது. வயிற்றில் கட்டி. 'அஸ் சூன் அஸ் பாசிபிள்', இயன்ற அளவு சீக்கிரமாக அனுமதிக்கவும் என்று ஆங்கிலத்தில் முடிந்திருந்தது. அவர் என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்த எழுத்துகளின் உருவம் அவருக்குத் தெரியும். பிளாஸ்டர் ஒட்டியவர் அல்லவா.

"நம்ம ஆளு இங்கயும் வந்திருக்காரு போல" என்றார். "தனியாவா, எதோடயாவது கட்டியா?"

"கட்டித்தான் அக்கா. முடியுறப்போ உடனேன்னு."

"யாருக்கு முடியுறப்போ?"

நான் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். எத்தனை நாள் ஆகும் என்று டாக்டரிடம் கேட்டாராம். போய்ப் பார்க்கலாம் என்றாராம் டாக்டர். பிள்ளைகளிடம் என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்டேன். அவர் காய்ந்திருந்த சின்னச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் பால் நேரத்துக்குப் பிறகு, பிள்ளைகள் பந்தோடு இருந்தபோது, உதவிக்கு வந்த பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பகல் நான் போனபோது பின்கதவு திறந்து கிடந்தது. கம்பி சுருட்டி ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. வளையம் வளையமாக, ஒழுங்காக.

பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவர் கடைசியில் களவாகப் போய்விட்டார் என்றாள் ஒருத்தி. எனக்கும் அன்று கோபம்தான். எங்களையெல்லாம் முன்வாசலால் அழ அழ அனுப்பியவர். எங்களுக்குச் சொல்ல ஒரு நேரம் இருந்தது, அவருக்கு இல்லை என்பது எனக்கு உறைக்கச் சில நாட்கள் ஆயின.

மகள் என்னைக் கேட்டாள். அக்கா எப்ப வருவாங்க?

வழி முழுக்க யோசித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனாலும் என் வாயில் வந்தது, "சீக்கிரம் வருவாங்க" என்பதுதான்.

அதற்குப் பிறகு அவள் தட்டில் ஒரு வாய்ச் சோறு மிச்சம் வைக்கத் தொடங்கினாள். முதலில் நான் கவனிக்கவில்லை. கவனித்ததும் கண்டித்தேன். சோற்றை வீணாக்கக் கூடாது என்றேன். ஊட்டிவிடப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு, ஒருவேளை வயிற்றில் ஏதாவது கோளாறோ என்று பயந்து, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

"சாப்ட்டா முடிஞ்சிரும்" என்றாள்.

"முடியட்டுமே."

"முடிஞ்சா அக்கா வந்துறணும். அவங்க பஸ் இன்னும் வரல்லதானே."

நான் அந்தத் தட்டைக் கழுவவில்லை. மூடி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கண்டிக்குப் போய் அவரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு மகளுக்குக் காய்ச்சல். அடுத்த ஞாயிறு பரீட்சைத் தாள்கள். அவருடைய தங்கையின் இலக்கத்தை வாங்கிப் பேசினேன். சீக்கிரம் வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. சொல்லாமல் விடுங்கள் என்று மறுபடி அழைத்துக் கேட்டால் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன். அவரிடம் அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. இரண்டு மாதத்துக்குப் பிறகு தங்கை அழைத்தபோது எல்லாம் முடிந்து, உடப்புசல்லாவையிலேயே அடக்கமும் நடந்திருந்தது.

இப்போது எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்துவிட்டது. கணவர் இன்னும் கொழும்பில்தான். 'கமிங் சூன்' என்று வந்தால், எந்த பஸ் என்று திருப்பி எழுதுகிறேன். சில நேரம் பதில் வரும். மகளுக்கு எட்டு வயது. காம்பராக்காவை நினைவிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். சாம்பல் நிறமாக ஏதோ நினைவிருக்கிறது என்றாள். முகம் இல்லை.

ஆனால் அந்த ஒரு வாய்ச் சோறு தட்டில் இன்னும் இருக்கிறது, தினமும். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால், "போதும்மா, அவ்வளவுதான் முடியும்" என்கிறாள். அவள் தோழிகள் சிரிக்கிறார்கள். மாமியார் வரும்போதெல்லாம் நான் பிள்ளையைக் கெடுத்து வைத்திருப்பதாகச் சொல்கிறார். சரியாகக்கூட இருக்கலாம். அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமா, அக்கா இறந்துவிட்டார், நீ சாப்பிட்டு முடிக்கலாம் என்று சொல்லிவிடலாமா என்று பல நாள் அவள் எதிரில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

இன்று பகலும் சொல்லவில்லை. அவள் கை கழுவப் போனதும் தட்டை எடுத்து, மூடி, அடுப்படிச் சன்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கிருந்து பஸ் வரும் பாதை தெரியும்.